கழிவுக்கு இரண்டு கிலோ

என் அம்மாவுக்கு எந்தத் தராசின் மேலும் நம்பிக்கை கிடையாது. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். எடை போடும்போது சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள், மழை நாளென்றால் இன்னும் கொஞ்சம். வாதாடிப் பயனில்லை என்று கண்டதும் அம்மா வேறு வழி பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் இன்னொரு வரிசைக்குள் புகுந்து இரண்டு கிலோ கூடுதலாகப் பறித்துப் போடுவாள்.

"கெடக்கட்டும்ல, கழிவுக்குப் போவும்" என்பாள்.

உலையில் அரிசி போடும்போதும் ஒரு கை கூடத்தான் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குச் சபைக்குக் கிளம்பினால் அரை மணி முன்னாலேயே கிளம்பச் சொல்வாள். எங்கே போனாலும் யாராவது கொஞ்சம் கழித்துவிடுவார்கள் என்று எண்ணித்தான் எங்கள் வீட்டில் எல்லாக் காரியமும் நடந்தது. நான் அதைக் கேலி செய்துகொண்டே வளர்ந்தேன். கேலி செய்த எனக்குத்தான் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

நான் தண்ணீருக்கு அடியில் வேலை செய்கிறவன். இதைக் கேட்டவர்கள் உடனே வண்ண மீன்களைப் பற்றிக் கேட்பார்கள். நான் பார்ப்பது அணைக்கட்டின் கம்பி வலையில் அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கும், ஆலைத் தொட்டியின் சேறும், கல்குவாரியில் விழுந்த மோட்டாரும்தான். முதலில் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் வெல்டராக இருந்தேன். நீருக்கடியில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்னக் குழுவின் முதலாளி, கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆட்களைத் தேடி அங்கே வந்தார். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். பெரியாற்றில் குளித்து வளர்ந்தவன் என்றேன். கடற்கரைக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்.

மூழ்குவது என்றால் கீழே போவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கல்லைக் கட்டினால் யார் வேண்டுமானாலும் கீழே போய்விடலாம். கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் நினைத்த இடத்தில் நிற்பதுதான் வேலை. உடம்பில் போடும் ரப்பர் உடுப்பு மிதக்கும். நெஞ்சில் இழுத்த மூச்சும் நம்மைத் தூக்கும். அதைச் சரிக்கட்ட இடுப்புப் பட்டையில் ஈயக்கட்டிகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். மேலே போடும் ஜாக்கெட்டுக்குள் பொத்தானை அமுக்கிக் காற்றை விடலாம், எடுக்கலாம். ஈயம் சரியாக இருந்தால் அந்தப் பொத்தானுக்கு அதிக வேலை இருக்காது, மூச்சே போதும். இழுத்தால் கொஞ்சம் எழும்புவோம், விட்டால் கொஞ்சம் இறங்குவோம்.

பயிற்சியில் சோதித்துப் பார்த்து எனக்கு எட்டுக் கிலோ போதும் என்றார்கள். மறுநாள் தண்ணீரில் இறங்கும்போது என்னிடம் பத்து இருந்தது. இரண்டு கிலோக் கட்டி ஒன்றை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் போட்டிருந்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை தானாகப் போட்டது.

பாலக்காட்டுக்குத் திரும்பியபோது இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. உப்புத் தண்ணீர் ஆளை நன்றாகத் தூக்கும். அணைத் தண்ணீர் அவ்வளவு தூக்காது. அதனால் கடலில் கட்டிய ஈயத்தை நல்ல தண்ணீரில் குறைக்க வேண்டும். இதையும் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் தலையாட்டினேன். ஆனால் குறைக்க மனம் வரவில்லை. கரையில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கீழே போக முடியாமல் தேங்காய் மாதிரி மிதந்தால் என்ன ஆவது என்ற பயம். கனம் அதிகம் என்று யாரும் சிரிக்கப்போவதில்லை. அந்தப் பத்துக் கிலோவோடு நான்கு வருடம் ஓட்டினேன்.

தண்ணீரில் தனியாக இறங்கக் கூடாது, கூட ஒருவர் வேண்டும். என் கூட்டாளி என்னைவிட ஆறு வயது இளையவன். பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். பேச்சில் மரியாதை கொட்டும், வேலையில் கறார். கீழே இருக்கும்போது சில நிமிடத்துக்கு ஒரு முறை என் பக்கம் திரும்பி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுவான். 'சரியா?' என்று அர்த்தம். நானும் அதே வட்டத்தைக் காட்ட வேண்டும். சரியில்லை என்றால், விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, எது சரியில்லையோ அதைச் சுட்டிக் காட்ட வேண்டும். உடனே அவன் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொள்வான். இது எங்கள் வேலையின் சட்டம், இதில் பாசம் நேசம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் அந்த வட்டத்துக்காக நான் காத்திருப்பேன். கஞ்சிக்கோட்டில் என் அறையைச் சுற்றி இருப்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு சுவரோரம் போனோடு உட்கார்ந்து ஊரில் இருப்பவர்களிடம் பேசுவார்கள். சிரிப்பு கேட்கும், சண்டை கேட்கும். நான் பாத்திரம் கழுவுவேன். டீக்கடைக்காரர் மலையாளத்தில் "சுகமல்லே?" என்று நலம் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த கிளாஸை எடுப்பார். எனக்குக் கல்யாணம் பேசி நின்றுபோனது. அம்மா இறந்து மூன்று வருடம். தோட்டத்தில் எங்கள் வீட்டு ஆள் யாரும் வேலையில் இல்லாததால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த எங்கள் அறையையும் ஒப்படைத்தாயிற்று. என் முகத்தை நேராகப் பார்த்து, நான் சரியாக இருக்கிறேனா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும் ஒரே ஆள் அவன்தான். அதுவும் தண்ணீருக்கு அடியில் மட்டும்.

அவனைத்தான் போன கோடையில் இழக்கப் பார்த்தேன்.

ஓர் அணையில், குடிதண்ணீர் எடுக்கும் குழாய் வாயில் கம்பி வலை அடைத்துக்கொண்டது. எட்டு மீட்டர் ஆழம்தான் இருக்கும். இடுப்பில் இத்தனை கனம் இருந்ததால் ஜாக்கெட்டில் நிறையக் காற்று விட வேண்டியிருந்தது. காற்று நெஞ்சைத் தூக்கியது, ஈயம் இடுப்பை இழுத்தது. படுத்த வாக்கில் இருக்க வேண்டியவன் நின்ற வாக்கில் தொங்கினேன். காலில் இருந்த துடுப்பு சேற்றைக் கிளறிவிட்டது. ஒரு நிமிடத்தில் பழுப்பு நிறத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் எழும்பினால் ஜாக்கெட்டுக் காற்று விரிந்து இன்னும் மேலே தூக்கும். பதறிக் காற்றை வெளியே விட்டால் தொபுக்கென்று மறுபடி சேற்றில் விழுவேன். பாதி வேலைகூட முடியவில்லை, சிலிண்டர்க் காற்றைக் காட்டும் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. காற்றை அப்படி வாரிக் குடித்திருக்கிறேன். என் கூட்டாளி தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்து, தன்னிடமிருந்த இரண்டாவது வாய்க்குழாயை எனக்குக் கொடுத்து மேலே கொண்டுவந்தான்.

 திரும்பி வரும்போது வண்டியில்தான் பேசினான்.

"தப்பா எடுத்துக்காதீங்ணா. இனிமே உங்ககூட நான் எறங்க மாட்டனுங்ணா. ஊட்டுல கைக்கொழந்த இருக்குதுங்."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருந்தது? "சரி தம்பி" என்றேன். அறைக்கு வந்து ஈரத் துணியைக்கூட மாற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு முதலாளி எனக்குக் கரையில் கயிறு பிடிக்கும் வேலை கொடுத்தார். என் இடத்தில் கடற்கரையிலிருந்து ஒருவர் தற்காலிகமாக வந்தார். கயிற்றை ஒரு முறை இழுத்தால் 'சரியா?' என்று அர்த்தம். கீழேயிருந்தும் ஒரு இழுப்பு வந்தால் 'சரி'. வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நான் இழுப்பேன், பதில் வரும். மறுபடி இழுப்பேன், பதில் வரும். கேட்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. என்னிடம் கேட்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. ஒரு நாள் என்ன மனநிலையோ, தேவையில்லாமல் நாலைந்து தடவை இழுத்துவிட்டேன். கூட்டாளி மேலே வந்து, "என்னாச்சுங்ணா?" என்றான். ஒன்றுமில்லை, கை தவறிவிட்டது என்றேன்.

ஒரு மாதம் கழித்து, தற்காலிகமாக வந்தவர் ஊருக்குக் கிளம்பியபோது, என் கூட்டாளி என்னைத் தேடி அறைக்கு வந்தான். நாற்காலி இல்லாததால் வாசலிலேயே நின்றான்.

"மலையில ஒரு வேலை வந்திருக்குதுங்ணா. தேயிலத் தோட்டத்துத் தடுப்பணையில பம்பு குழாய் அடைச்சுக்கிச்சாமா. மொதலாளி உங்களத்தான் சொல்றாருங். நான் ஒருக்கா பாத்துப்போட்டுத்தான் சொல்லுவேன்னுட்டேன். ஞாயித்துக்கெழமெ எங்க தோட்டத்துக் கொளத்துக்கு வாங்க. வெயிட்டு சரி பாத்துக்கலாம்."

மலையில் எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னான். நான் பிறந்த தோட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் சித்தூருக்குப் போனேன். அவர்கள் குளம் அகலமானது, பச்சைத் தண்ணீர், கரையில் இரண்டு எருமைகள். பெரும்பகுதி காலியான சிலிண்டர் ஒன்றை அவன் வேண்டுமென்றே எடுத்து வைத்திருந்தான். நிறைந்த சிலிண்டரில் இருக்கும் காற்றே இரண்டரைக் கிலோவரை வரும், வேலை முடிய முடிய அது தீர்ந்து ஆள் லேசாகிவிடுவோம், அதனால் முடிவில் எப்படி இருப்போமோ அதை வைத்துத்தான் ஈயத்தை முடிவு செய்ய வேண்டும். பயிற்சியில் கேட்டதுதான். அவன் மறுபடி பொறுமையாகச் சொன்னான்.

"பட்டையில எத்தனைங்ணா?"

"எட்டு."

பட்டையை எண்ணிப் பார்த்தான். சரியாக எட்டு. அப்புறம் ஜாக்கெட்டைத் தூக்கியவன் நின்றுவிட்டான். பாக்கெட்டுக்குள் கையை விட்டு அந்தக் கட்டியை எடுத்தான்.

"இதென்னுங்ணா?"

 மறைத்துப் பயனில்லை. "அது கழிவுக்கு, தம்பி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அம்மாவையும், அந்தத் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்ததையும், எடை போடும் இடத்தையும், கூடுதலாகப் பறிக்கும் இரண்டு கிலோவையும் சொன்னேன். நான்கு வருடத்தில் அவனிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இங்க யாருங்ணா கழிக்கறாங்க? தண்ணிக்கு எத்தனையோ அத்தனைதானுங்ணா. அது ஒண்ணும் உங்களுத எடுத்துக்காது."

இறங்கினேன். ஜாக்கெட்டில் காற்றில்லாமல், மூச்சைச் சாதாரணமாக இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அதுதான் சோதனை. பாக்கெட் கட்டி போன பிறகும் எட்டுக் கிலோவோடு கல்லாகப் போனேன். ஒரு கிலோக் கட்டி ஒன்றைக் கழற்றினான். போனேன். இன்னொன்றைக் கழற்றப் போனபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும் தம்பி. இது இருக்கட்டும்."

"வுடுங்ணா."

விட்டேன். ஆறு கிலோ. மூச்சை இழுத்து நிறுத்தினேன். தண்ணீர் தாடையில் ஏறி, மூக்கில் ஏறி, கண்ணுக்கு நேராக வந்து நின்றது. கண்ணாடியில் பாதி வானம், பாதி பச்சை. மூச்சை விட்டேன், மெல்ல உள்ளே போனேன். இழுத்தேன், அதே இடத்துக்கு வந்தேன். யாரும் எதையும் கழிக்கவில்லை. நான்கு வருடமாக நான் இரண்டு கிலோவைத்தான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்திருந்தேன், கூடுதலாகச் சுமந்தது நான்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அம்மாவின் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அவளைக் கடைசி வரிசைக்குள் திருப்பி அனுப்பிய எல்லாவற்றின் மேலும் வந்த கோபம்.

"மலைக்கு வாங்க" என்றான் கூட்டாளி. "ஒருக்காதானுங்ணா. சேத்தக் கலக்குனீங்கன்னா அதோட முடிஞ்சுது."

வண்டிப்பெரியாருக்கு வந்து சேர்ந்தபோது பனி இன்னும் இறங்கவில்லை. தோட்டத்து ரோடு நான் விட்டுப்போனபடியேதான் பள்ளமாகக் கிடந்தது. தடுப்பணை லயத்துக்கு மேலே, சரிவில் இருக்கிறது. சின்ன வயதில் எங்களை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். அணைக்கரையில் நின்றால் கீழே லயங்கள் வரிசையாகத் தெரியும். இரண்டாவது வரிசையில் மூன்றாவது கதவு எங்களுடையது. கதவுக்கு இப்போது நீலம் அடித்திருந்தார்கள். கொடியில் குழந்தைச் சட்டைகள். நான் அதிகம் பார்க்காமல் உடுப்பை எடுத்தேன்.

மலைத் தண்ணீர் குளிர். அதற்குத் தடித்த ரப்பர் உடுப்பு வேண்டும். தடித்த உடுப்பு அதிகம் மிதக்கும், அதற்கு ஈயமும் கொஞ்சம் கூட வேண்டும். கரையோரத்திலேயே மறுபடி சோதனை செய்தோம். ஏழு வந்தது. எட்டாவதைக் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பட்டையில் சேராத அந்த இரண்டு கிலோக் கட்டியைக் கூட்டாளி, சரிவில் நின்ற வண்டியின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான்.

கீழே போனோம். சேறு பஞ்சு மாதிரி படிந்து கிடந்தது. குழாய் வாயில் இலையும் சாக்கும் சுற்றியிருந்தன. அவன் அறுக்க வேண்டும், நான் பின்னால் இருந்து வெளிச்சம் காட்ட வேண்டும். போகும்போது ஜாக்கெட்டில் ஒரு துளிக் காற்று விட்டேன், அவ்வளவுதான். படுத்த வாக்கில், சேற்றுக்கு ஒரு முழம் மேலே, நின்றேன். மூச்சு இழுத்தால் ஓர் அங்குலம் மேலே, விட்டால் ஓர் அங்குலம் கீழே. சேற்றில் ஒரு துகள்கூட எழும்பவில்லை. எதையும் பிடிக்காமல், எதன் மேலும் காலூன்றாமல் ஒரு இடத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

இதற்கு முன்னால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். துடுப்பு அடிக்கும், ஜாக்கெட் புஸ்ஸென்று இரையும், சேறு கிளம்பும். இப்போது எதுவும் இல்லை. அறுப்பதை நிறுத்திவிட்டு அவன் பரபரப்பாகத் திரும்பினான். நான் சரியாக இருக்க வேண்டிய இடத்தில் இருந்தேன். விரல்களை வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். சரியா?

நான் உடனே பதில் காட்டவில்லை.

காட்டியிருக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஆபத்து என்று எடுத்துக்கொள்வதுதான் சட்டம். ஒரு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. அது என் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பதில் சொன்னால் அவன் திரும்பிவிடுவான். அவன் அருகில் வந்து கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டும்படி பார்த்து மறுபடி கேட்டான். சரியா? அப்போது காட்டினேன். அவன் இன்னும் ஒரு நொடி என் கண்ணைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

வேலை முடிந்து கரையேறியதும் அவன் முதலில் பார்த்தது என்னையல்ல, தண்ணீரை. தெளிவாகவே இருந்தது.

"நாளைக்கு வலை மாட்டறதுக்கும் நம்ம ரெண்டு பேருதானுங்ணா" என்றான். நான் தலையாட்டினேன். பட்டையைக் கழற்றிக் கீழே வைத்தவன் நிமிர்ந்தான். "மொதக்கா கேட்டப்ப ஏனுங்ணா சும்மா இருந்தீங்க?"

விளக்கு கூசியது என்று சொல்லியிருக்கலாம். அவனிடம் மறுபடி பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இன்னொருக்கா கேக்கட்டும்னுதான், தம்பி."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன்.  அவன் துடுப்பில் இருந்த சேற்றை விரலால் வழித்துப் போட்டான்.

"கீழ மட்டும் ஒடனே சொல்லிப்போடுங்ணா. நெஞ்சு நின்னு போச்சு. வேணும்னா மேல வந்து எத்தனை தடவ வேணாலும் கேக்கறனுங்." சொல்லிவிட்டு, என் முகத்துக்கு நேராக, ஈரக் கையால் வட்டம் காட்டினான்.

என் கை வட்டம் பிடிக்கப் போனது. பிடிக்கவில்லை. விரல்கள் தானாக விரிந்து, இப்படியும் அப்படியும் ஆடின. அடுத்து எது சரியில்லை என்று சுட்டிக் காட்ட வேண்டும். கீழே அந்த நீலக் கதவைச் சுட்டினேன். யாரோ உள்ளே அடுப்புப் பற்ற வைத்திருந்தார்கள், ஓட்டின் மேல் புகை வந்துகொண்டிருந்தது.

அவன் அந்தக் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு, தண்ணீருக்கு அடியில் என்ன செய்வானோ அதைச் செய்தான். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.